துண்டு போட்ட நாற்காலி

ஒரு காட்டில், மரங்களையெல்லாம் வெட்டி நாற்காலி செய்து முடித்தபோது, நாற்காலிகளை வைக்க இடம் தாராளமாகக் கிடைத்தது. அங்கே அலங்காரக் கலைகளுக்கும் வடிவமைப்புக்குமான மாபெரும் அருங்காட்சியகம் எழுந்தது. சரவிளக்கு, கம்பளம், கரண்டி எல்லாம் உண்டு. பெருமை மட்டும் நாற்காலிகளுக்கு.

தாண்டவராயன் என்ற கரடி தன் மனைவி அம்சவேணியோடு அங்கே போனான். அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்று: கடைசிக் கூடத்தில் இருக்கும் பளிங்குத் தேன்சாடி. பக்கத்துக் குகைக்காரி அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, "நீ இன்னும் பாக்கலையா? அடடா!" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

நாற்காலிக் கூடத்துக்கு வந்ததும் அம்சவேணியின் குதிகால் மக்கர் பண்ணியது.

"என்னங்க, கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும். இல்லேன்னா தேன்சாடி எனக்கு இந்த ஜென்மத்துல இல்ல."

காவலுக்கு நின்றது கொக்கு. "வெளியில போய் உக்காந்துட்டு வரலாமா?" என்று தாண்டவராயன் கேட்டான்.

"போனாப் போனதுதான் சார். மறுபடி விடமாட்டோம்."

"இங்கயே உக்காந்தா?"

"கூடாது."

"சுத்தி அத்தனையும் நாற்காலிதானே!"

"அதனாலதான் சார்."

கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி சொன்னது. ஒரு காலுக்கு எப்போதும் விடுமுறை தருகிறவரிடம் குதிகால் வலியைப் பேசி என்ன பயன்?

தாண்டவராயன் பஸ்ஸில் வளர்ந்தவன். நெருக்கடி வந்தால் அவனுக்கு மூளைக்கு முன் தோள் வேலை செய்யும். தோளில் கிடந்த துண்டை உருவினான். ஜன்னல் வழியே சீட்டுக்கு வீசுகிற அதே லாவகத்தோடு கயிற்றுத் தடுப்புக்கு மேலே வீசினான். துண்டு சுழன்று போய் ஒரு கருங்காலி நாற்காலியில் விழுந்தது.

"இடம் பிடிச்சாச்சு! வா அம்சா!"

கொக்கு தன் இரண்டாவது காலையும் ஊன்றியது. அதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"எடுங்க சார் துண்டை!"

"கயித்தைத் தாண்டலாமா?"

"தாண்டக் கூடாது!"

"அப்ப நீங்க எடுங்க."

"உள்ள இருக்கிற எதையும் நான் தொடக் கூடாது சார்."

துண்டு இப்போது உள்ளே இருந்தது.

அந்தப் பக்கம் வந்த குரங்குக் குடும்பம் துண்டைப் பார்த்து, "ஆள் வர்றாங்க போல" என்று மரியாதையாகத் தள்ளி நின்றது. குரங்குகள் நிற்பதைப் பார்த்து மான்கள் நின்றன. மான்களைப் பார்த்து யானை நின்றது. யானையே நின்று பார்க்கிற பொருள் லேசுப்பட்டதா? செல்போன்கள் உயர்ந்தன.

சத்தம் கேட்டு இயக்குநர் மயில் வந்தது. அயல்காடுகளில் படித்த மயில். கழுத்தைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தது.

"வராதவருக்காகக் காத்திருக்கும் இடம்!" என்று தோகையை விரித்தது. "யாருடைய படைப்பு இது?"

"என்னோடதுங்க. தெரியாம..."

"தெரியாமல்! கேட்டீர்களா? தெரிந்து செய்திருந்தால் இது வந்திருக்குமா?"

"ஐயா, என் துண்டு..."

"இனி அது நம் துண்டு."

அம்சவேணி சுவரில் சாயப் போனாள். சுவரும் காட்சிப்பொருள்தான் என்றது கொக்கு.

கையோடு மயிலின் அறையில் பாராட்டு விழா. தாண்டவராயனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி. மயிலின் சுழல் நாற்காலி. மயில் உரையாற்ற எழுந்தது.

எழுந்ததுதான் தாமதம், பொன்னாடை பறந்தது.

"அம்சா, உக்காரு!"

உட்கார்ந்தாள். ஒரு சுற்று சுற்றினாள். "ஐயோ, என்னங்க இது!" என்று சிரித்துக்கொண்டே மறுசுற்றும் சுற்றினாள்.

உரையை முடித்துத் திரும்பிய மயில் திகைத்தது. துண்டு போட்டுப் பிடித்த இடத்திலிருந்து ஒருவரை எழுப்புகிற வழக்கம் அந்தக் காட்டில் கிடையாது. போதாக்குறைக்கு, நாற்காலியைச் சுற்றிக் கொக்கு ஏற்கெனவே கயிறு கட்டிக்கொண்டிருந்தது.

"கால் தேவலையா? வா, தேன்சாடியைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றான் தாண்டவராயன்.

"நான் எதுக்குங்க நடக்கணும்?" அம்சவேணி காலை நீட்டிக்கொண்டாள். மயிலைப் பார்த்து, "தம்பி, அந்தத் தேன்சாடியை இங்க கொண்டுவரச் சொல்லுங்க. காலியாக் கொண்டுவராதீங்க" என்றாள்.

மயில் தோகையை மடக்கிக்கொண்டு ஓடியது.

நீதி: தகுதி உள்ளவருக்கு நாற்காலி காட்டப்படும், துண்டு உள்ளவருக்குக் கிடைக்கும். ஆகவே சான்றோரே, தோளை வெறுமையாக விடாதீர்.