தூளிக்குள் மூன்று கடிதங்கள்

பத்துத் தடவை யோசித்துச் செய்கிறவர்கள் தவறு செய்ய மாட்டார்களாம். அப்படிச் சொன்னவர் என்னைப் பார்த்ததில்லை. குழந்தைக்குச் சளி மருந்து கொடுக்கும் முன் நான் பத்துத் தடவை யோசிப்பேன். கொடுத்த பிறகு இருபது தடவை. அப்படி நன்றாக யோசித்துச் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது என் மூத்தவன் சாமுவேலுக்கு ஏழு மாதம். நான் ஆம்பூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவர் உபதேசியார். வாரத்தில் பாதி நாள் மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பார். மிஷன் பங்களாவில் வயதான துரையும் துரைசானியம்மாவும். சீமையிலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. துரை தமிழைப் பைபிளில் கற்றவர். "எஸ்தரே, நீ புசித்தாயோ?" என்பார். அம்மா தோல் பதனிடும் ஷாப்புப் பெண்களின் கைப்புண்ணுக்கு மருந்து கட்டியபடியே தமிழ் கற்றவர். "இன்னா எஸ்தரு, துன்ட்டியா?" என்பார். (இருவரும் கேட்பது ஒன்றுதான். பதில் சொல்லத்தான் எனக்கு இரண்டு தமிழ் வேண்டியிருந்தது.)

அவர்களுக்கு ஒரே மகள். ஏழு வயதில் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள். துரைமார் வீட்டு வழக்கம் அது. பிறகு இருபது வருஷத்தில் மூன்று தடவைதான் நேரில் பார்த்தார்களாம். பெற்ற மகளை அவர்கள் அதிகம் பார்த்தது எழுத்தாகத்தான். வாரம் தவறாமல் எழுதுவாள். சனிக்கிழமை சீமைத் தபால் வரும். எங்கள் வீடு தபால் ஆபீஸுக்குப் பக்கத்தில் என்பதால், வாங்கிப் போய்க் கொடுப்பது என் வேலை.

ஒரு புதன்கிழமை தந்தி வந்தது. மகள் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அந்தச் சனிக்கிழமை தபால் ஆபீஸில் கடிதங்களைப் புரட்டியபோது என் கை நின்றுவிட்டது. சாய்ந்த அதே எழுத்து. செத்துப்போனவளிடமிருந்து கடிதம்! இதைப் பார்த்தால் அம்மா என்ன ஆவார்? கொடுக்கலாமா, கூடாதா? யோசனை கேட்கக் கணவரும் ஊரில் இல்லை. ஜெபம் செய்தேன். அழுதுகொண்டிருந்த சாமுவேல் அந்த நேரம் பார்த்து வாயை மூடினான். தேவன் பதில் சொல்லிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். (அவன் கட்டைவிரலைக் கண்டுபிடித்திருந்தான் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.)

எங்கள் வீட்டில் என் கணவர் கை வைக்காத ஒரே இடம் குழந்தையின் தூளி. அதில் விரிக்கும் மெழுகுத்துணிக்கு அடியில் கடிதத்தை வைத்தேன். மற்றத் தபால்களை மட்டும் பங்களாவில் கொடுத்தேன்.

"இவ்ளோதானா?" என்றார் அம்மா.

"இவ்ளோதாம்மா."

என் கையையே பார்த்தார். அப்பாடா, நிம்மதி அடைந்தார் என்று நினைத்தேன். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கணவனும் மனைவியும் நான் போவதற்கு முன்பே கேட்டண்டை வெயிலில் நின்றார்கள். துரைக்குத் தலையில் தொப்பிகூட இல்லை. காற்று வாங்குகிறார்கள் என்று எண்ணினேன். ஆம்பூரில், தோல் ஷாப்பு நாற்றம் வீசும் திசையைப் பார்த்து, நடுப்பகலில் யார் காற்று வாங்குவார்கள் என்று யோசிக்கவில்லை. அதையும் பத்துத் தடவை யோசித்திருக்கலாம்.

மூன்றாவது கடிதம் உள்ளே போன மறு திங்கட்கிழமை. பள்ளிக்கு விடுமுறை. மெழுகுத்துணியைத் துவைத்துவிட்டு, தூளியில் திரும்ப விரிக்க மறந்துபோனேன். சாமுவேல் தன் கடமையைச் செய்தான். நான் எடுத்தபோது உறைகளின் கோந்து விட்டு, தாள்கள் ஊறியிருந்தன. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்தேன். அதில் ஒரு தாள் ஓரம் கிழிந்தது. எல்லாவற்றையும் கொடிக்கயிற்றின் முறுக்கில் செருகி, குழந்தைத் துணிகளுக்கு நடுவே காயப்போட்டேன்.

அப்போதுதான் துரையும் அம்மாவும் வாசலில் வந்து நின்றார்கள்.

"எஸ்தரே, உன்னிடம் ஒரு காரியம் கேட்க வந்தோம்" என்றார் துரை. "தந்தி சீக்கிரம் வந்துவிடும். கடிதமோ கப்பலில் வரவேண்டும். எங்கள் மகள் சுகமாயிருந்தபோது எழுதினவை, தந்தி வந்த நாளில் இன்னும் சமுத்திரத்தின்மேல் இருந்தன. ஐந்து இருக்கவேண்டும். அவற்றில் மூன்று இதற்குள் வந்திருக்க வேண்டும். தபால் ஆபீஸில் நீ விசாரிப்பாயோ?"

காற்று அடித்தது. கொடியில் ஒரு தாள் படபடத்தது. அம்மா திரும்பினார். நடந்துபோய் அதைத் தொட்டார். முகர்ந்தார்.

"இன்னா எஸ்தரு, எம்பொண்ணு எழுத்தைத் தோச்சுப் போட்டியா?"

"இல்லம்மா... நீங்க அழுவீங்கன்னு... தூளியில ஒளிச்சு வெச்சேன்... இவன்தான்..."

அம்மா சாமுவேலைப் பார்த்தார். அவன் பொக்கை வாயைக் காட்டினான். அவருக்குச் சிரிப்பு வந்தது. தந்தி வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தார். பிறகு அது சிரிப்பாக இல்லை. துரை தொப்பியைக் கழற்றி, வெயிலில் மை வெளுக்காதபடி ஒரு கடிதத்துக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றார்.

காய்ந்ததும் மூன்றையும் அங்கேயே படித்தார்கள். ஒன்றில் ஒரு வார்த்தை கரைந்துபோயிருந்தது. அடுத்த வருஷம் அவள் ஆம்பூர் வருவதாக இருந்தாளாம். "அம்மா, வரும்போது உனக்கு" என்று இருக்கிறது, பிறகு நீலக் கறை, பிறகு "கொண்டு வரட்டுமா?" என்று இருக்கிறது.

மீதி இரண்டு கடிதங்களையும் வந்த அன்றன்றே, குளிக்கக்கூட நிற்காமல் எண்ணெய்த் தலையோடு ஓடிப்போய்க் கொடுத்தேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு போனேன். அவர்கள் கேட்டண்டையில்தான் நின்றார்கள்.

இப்போது சாமுவேலுக்கு ஆறு வயது. வீட்டில் எது காணாமல் போனாலும் என் கணவர், "கொடியில பாரு, உங்கம்மா காயப்போட்டிருப்பா" என்கிறார். துரைசானியம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், கரைந்த அந்த வார்த்தை கம்பளியா, பூவிதையா, புதுக் கண்ணாடியா என்று சாமுவேலிடம் கேட்பார். அவன் தவறாமல் "மிட்டாய்" என்பான்.

போன வாரமும் வந்திருந்தார். என் சின்னவள் படுக்கும் தூளி காலியாக இருந்தது. அதில் கையை விட்டு, "தபால் எதுனா கீதா எஸ்தரு?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கையை மட்டும் உடனே வெளியே எடுக்கவில்லை.