வெளிச்சத்தார் சொன்ன ‘வாரேன்’

வெளிச்சத்தாரை ஒரு விஷயத்தை நம்பவைத்த மனிதர் திருப்பூரில் எவரும் இல்லை. சூரியன் கிழக்கே உதித்தால்கூட இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்.

எண்பதுகளின் கடைசியில், அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் அவர் செக்கிங், நான் மடிப்பு. ஓட்டை தெரிவதற்காகப் பனியனைப் பல்புக்கு எதிரே தூக்கிப் பார்ப்பது அவர் வேலை. அந்தப் பழக்கத்தில் டீ கிளாஸ், தோசை, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் தூக்கிப் பார்ப்பார்; அதனாலேயே அவர் பெயர் வெளிச்சத்தார் ஆனது. என் கல்யாணப் பத்திரிகையையும் பார்த்தார்.

“ஏனுங்க, பொண்ணு நெசமா இருக்குதுங்களா?”

கூச்சத்தில் நான் பனியன் மடிக்கத் திரும்பிவிட்டேன். அவர் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

டைலர் தனம் தன் நான்கு வயது மகள் கௌரியையும் கம்பெனிக்குக் கூட்டி வருவாள். கண்ணில் பட்ட தீனி அடுத்த நொடி அந்தப் பிள்ளையின் வாயில் இருக்கும். ஒருநாள் சூப்பர்வைசரின் வடை காணாமல் போனது.

“அடக்கமே இல்லாத புள்ள! மாசக் கடைசிக்குள்ள திருத்து. இல்லாட்டி நீயும் வர வேண்டாம்” என்று தனத்திடம் கத்தினார். பிள்ளையை விட்டு வர அவளுக்கு வேறு ஆளில்லை.

வெளிச்சத்தார் கடலை மிட்டாய் ஒன்றைக் கௌரியிடம் கொடுத்தார். “மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு ஊதற வரைக்கும் திங்காம வெச்சிரு கண்ணு. இன்னொண்ணு எடுத்துட்டு வாரேன்.”

அவர் முதுகைத் திருப்புவதற்குள் மிட்டாய் காலி. எல்லோரும் சிரித்தோம். அவருக்கு மட்டும் சந்தேகம்.

“ஏங்கண்ணு, வாரேன்னு சொன்னனல்ல?”

“எங்கப்பாவும் முறுக்கு வாங்கிட்டு வாரேன்னுதான் போனாரு. வரவே இல்ல.”

தனம் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று முதல், திரும்புவது நிச்சயம் என்றால் மட்டுமே அவர் ‘வாரேன்’ என்பார். மற்ற நேரமெல்லாம் ‘போறேன்’தான்.

“கக்கூசுக்குப் போறேன் கண்ணு. வவுறு செரியில்ல, எப்ப வருவேன்னு சொல்ல முடியாது.”

“அபசகுனமாப் பேசாதீங்க” என்று பெண்கள் பதறினார்கள்.

“பொய் சொன்னா நல்ல சகுனமுங்களா?”

ஆனால், தினமும் காலையில் ‘வாரேன்’ என்று ஒரு மிட்டாயைக் கொடுத்துவிட்டு, மத்தியானச் சங்கு ஊதும்போது இன்னொன்றோடு வந்து நிற்பார்.

மாதக் கடைசி நாளில் அவரைக் காணவில்லை. காய்ச்சல் என்றார்கள். சூப்பர்வைசர் கௌரியின் கையில் வடையை வைத்தார். “அவரு வர்ற வரைக்கும் திங்காம இரு, பாக்கலாம்.”

சங்கு ஊதியது. வடை எண்ணெய் பாவாடையில் சொட்டியது. கௌரி வாயருகே கொண்டுபோகவில்லை.

“அவரு இனி வரமாட்டாரு, தின்னு” என்றார் சூப்பர்வைசர்.

“நாளைக்கும் வாரேன்னு நேத்தே சொன்னாரு.”

சூப்பர்வைசர் தையல் மெஷின் பக்கம் திரும்பினார். “தனம், புள்ள இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது வாசலில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் மிட்டாயோடு வெளிச்சத்தார்!

“காய்ச்சலோட எதுக்குங்க வந்தீங்க?” என்றேன்.

“இந்தப் புள்ள என்னயச் சந்தேகப்பட்டா என்னால தாங்க முடியாதுங்க.”

என் சைக்கிளில் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பிரேக் பிடிக்குமா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே, என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். நான் மெல்லவே மிதித்தேன்.