ஒரே மேசையில் நான்கு நோயாளிகள்

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இன்று மதியம் உணவகத்தில் நடந்தவற்றை, எனக்குச் சாதகமில்லாத இடங்களையும் விடாமல், நடந்தது நடந்தபடியே இந்தக் கடிதத்தில் பதிவு செய்யப் போகிறேன். இங்கு நாங்கள் நால்வரும் நலம். அப்படி எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்துக்கொண்டேன். அண்ணன் மட்டும் பசிக்கிறது என்றான். அதை நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கள் நலமும், தங்கள் கேக் கடையின் நலமும், எனக்கென்றே தனியாக வாங்கி வைத்திருப்பதாகச் சொன்ன சின்ன அடுப்பின் நலமும் அறிய ஆவல்.

உங்களுக்குத் தெரிந்த செய்திதான் என்றாலும் பின்னணியை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. என் வயிற்றுக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் கண்டுபிடித்து எட்டு மாதம் ஆகிறது. அதிலுள்ள குளூட்டன் உள்ளே போனால் என் குடல் அதைப் பகையாளி என்று நினைத்துச் சண்டைக்குப் போய், கடைசியில் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறதாம். இரண்டு மணி நேரத்தில் தொப்புளுக்குக் கீழே துணி பிழிவதுபோல் முறுக்கும். அதனால் பிரெட், பிஸ்கட், நூடுல்ஸ், கேக் எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தாயிற்று. சிநேகிதிகளின் பிறந்தநாளுக்கு டப்பாவில் வீட்டுச் சோற்றை எடுத்துப் போகிறேன். அவர்கள் கேக்கை வெட்டும்போது நான் டப்பாவின் மூடியைத் திறக்கிறேன். அம்மா மருந்துக் கடையில் வேலை செய்பவர். பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை மட்டும்தான் நம்புவார். உணவகத்துச் சாப்பாட்டின் மேல் ஒன்றும் அச்சடித்திருக்காது. எனவே விடுமுறைக்கு என்னை அனுப்பச் சொல்லி நீங்கள் போனில் கேட்டபோது அம்மா எங்களிடம் சொன்னது இது: “அவ கடை முழுக்க மாவுதான் பறக்குது. முதல்ல இவ ஒரு தடவை வெளியில சாப்பிட்டுட்டு, படுக்கப் போற வரைக்கும் வயித்து வலி இல்லாம இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்.” இதை அப்படியே நோட்டில் எழுதி, கீழே அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.

தேர்வுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த உணவகம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. படிகள் பத்தொன்பது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கோதுமை ஆகாதவர் உட்காரும் இடத்தில் பல்குச்சியில் ஒட்டிய நீலக் காகிதக் கொடி ஒன்றை வைத்துவிடுவார்கள். சமையலறையிலிருந்து வரும் தட்டிலும் அதேபோல் ஒரு கொடி நிற்கும். தட்டு மாறாமலிருக்க நல்ல ஏற்பாடு என்று பாராட்டி, நான் முன்கூட்டியே அவர்களுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதியிருந்தேன். என் வயது, எடை, வலியின் வரலாறு எல்லாம் அதில் இருந்தன. ஜன்னலோர மேசைக்குப் போய்ப் பார்த்தால் ஒரு கொடிக்குப் பதில் நான்கு கொடிகள் நிற்கின்றன. காதில் பேனா செருகிய பரிமாறுகிறவர் எங்களை ஒரு மருத்துவமனை வார்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அம்மாவுக்கு முதுகுக்கு ஒரு மெத்தைத் திண்டு கொண்டுவந்து கொடுத்தார். “பாத்து உக்காருங்கம்மா, அவசரமே இல்ல” என்றார்.

அவர் தம் பதிவேட்டைத் திறந்து வாசித்தபோதுதான் விவரம் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கு ஒரு போன் செய்திருக்கிறார்கள். அப்பா தண்ணீர் வாரியத்தில் புகார் வாங்கும் மேசையில் இருப்பவர். நாள் முழுவதும் பிறர் சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டு, தாமே ஒரு குறை சொல்ல நேர்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைக்கு நோய் என்றால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, “எனக்குத்தான் ஆகாது” என்று சொல்லிவிட்டார். அண்ணனோ, உணவகத்துக்காரர்கள் பிள்ளைகளுக்குப் பயப்பட மாட்டார்கள், அம்மாக்களுக்குத்தான் பயப்படுவார்கள் என்ற முடிவுக்கு வந்து, அம்மாவுக்கு மிக மோசமான நிலை என்று சொல்லியிருக்கிறான். அம்மா, நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற மருந்துக் கடை விதியின்படி, பெயரும் வயதும் சொல்லாமல் ‘வருகிறவர்களில் ஒருத்தருக்கு’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அப்பா, அம்மா, கடிதம் எழுதிய நான் என்று மூன்று பேர் தெரிந்துவிட்டதால், மிச்சமிருந்த அந்த ஒருத்தர் அண்ணன்தான் என்று பரிமாறுகிறவர் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அண்ணன் வாரம் முழுவதும் எதிர்பார்த்திருந்தது மைதா மாவில் தோய்த்துப் பொரித்த கோழியை. அதைக் கேட்டான்.

“அது உங்களுக்குக் கூடாது தம்பி.”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க.”

பரிமாறுகிறவர் பதிவேட்டில் விரலை வைத்தார். “‘கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லும், நம்பாதீங்க.’ உங்கம்மா போன்ல சொன்னதுதான், வார்த்தை மாறாம எழுதிருக்கேன்.”

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா ஜன்னலைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். அதற்குள் பரிமாறுகிறவர் அப்பாவிடம் மிகுந்த பரிவோடு, தம் மைத்துனருக்கும் இதே தொந்தரவு என்றும், வலி எந்த இடத்தில் வரும் என்றும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் என் வயிற்றில் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அப்பா தம் சட்டையின் கடைசிப் பொத்தானைத் தொட்டு, “இங்கதாங்க, துணி பிழியற மாதிரி” என்றார். எட்டு மாதமாக அப்பா என் நோயைக் கவனமாகக் கேட்டு வந்திருக்கிறார் என்பது அப்போது தெரிந்தது. பொய் சொன்னதை நான் ஆதரிக்கவில்லை, ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

இனி முக்கியமான பகுதி. கொடி குத்திய நான்கு தட்டுகளில் கோழியும் காய்களும் பளபளவென்று வந்தன. பளபளப்புக்குக் காரணம் என்ன என்று கேட்டேன். சோயா சாஸ் என்றார். அந்தப் பாட்டிலைக் காட்ட முடியுமா என்றேன். தலைமைச் சமையல்காரரே பாட்டிலும் கையுமாக வந்தார். அகன்ற தோள்கள், மேல்சட்டைப் பையில் என் மூன்று பக்கக் கடிதம் நான்காக மடித்து இருந்தது. பாட்டிலின் பின்பக்கம் படித்தேன். தண்ணீர், சோயா, உப்பு, நான்காவதாகக் கோதுமை. அதைச் சத்தமாக வாசித்தேன். சமையல்காரர் பாட்டிலை வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், பிறகு தள்ளி வைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் கோதுமைதான். இருபது வருடமாக அதை ஊற்றுகிறாராம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லையாம்.

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “கிளம்பு. இதுக்குத்தான் சொன்னேன்.”

சித்தி, அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்கு வருகிற ரயில் என்னை விட்டுவிட்டுப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். அழக் கூடாது என்று பாட்டிலின் மூடியையே பார்த்துக்கொண்டு, “நான் இன்னும் ஒரு வாய்கூட வைக்கலையேம்மா. நான்தானே கண்டுபிடிச்சேன்” என்றேன்.

அம்மா கைப்பையை மறுபடி மேசைமேல் வைத்தார். சமையல்காரரைப் பார்த்து, “புதுச் சட்டியா இருக்கணும், புது எண்ணெயா இருக்கணும், உப்பும் மிளகும் தவிர வேற எதுவும் போடக் கூடாது” என்று மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு சரிம்மா, சரிம்மா என்றார். நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் அண்ணன் மேசையில் கிடந்த பல்குச்சிகளைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வந்த சாப்பாட்டைப் பற்றி நான் அளவோடு எழுத முயல்கிறேன். சுட்ட கோழி, ஆவி பறக்கும் சோறு, வெளியே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமாக உருளைக்கிழங்கு வறுவல். எட்டு மாதத்துக்குப் பிறகு, நான் கொண்டுபோகாத ஒரு தட்டில் நான் சாப்பிட்டேன். அதைவிட மேலாக, பரிசாகச் சாக்லேட் கேக் வந்தது. மாவு பாதாம் மட்டும்தான். பொட்டலத்தையே கொண்டுவந்து காட்டி, பின்பக்கத்தைத் தாமே ஒருமுறை படித்துக் காட்டினார் சமையல்காரர். முதல் கரண்டி வாயில் போனதும், வாய் இந்த ருசியை மறக்கவே இல்லை என்று தெரிந்தது. கொடிக்கு ஒன்றாக நான்கு கேக்குகள் வந்திருந்தன. அப்பாவுக்கு வயிறு நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு இனிப்பு ஆகாது. அண்ணன் பாதி தின்றுவிட்டு, இதில் மைதா இல்லாதது நன்றாகவே தெரிகிறது என்று வருத்தப்பட்டான். சமையல்காரரோ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனம் நோகக் கூடாது என்று மீதியை நான் முடித்துக் கொடுத்தேன்.

இப்போது மணி எட்டே முக்கால். கோதுமை போயிருந்தால் நாலு மணிக்கே தெரிந்திருக்கும். என் வயிறு பூரண அமைதியாக இருக்கிறது. ஆகையால் தேர்வில் தேறிவிட்டேன் என்பதையும், வரும் வியாழக்கிழமை ரயிலில் நான் தனியாக, பெரிய மனுஷியாகப் புறப்பட்டு வருகிறேன் என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். சித்தப்பாவுக்கு என் வணக்கம். கடையில் வேலை செய்யும் அக்காக்களுக்கு என் அன்பு. அடுப்புக்கு என் விசாரிப்பு. உங்கள் ஆசி எப்போதும் என் மேல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள அக்கா மகள்

பி.கு.: மேலே ‘பூரண அமைதி’ என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். கையெழுத்துப் போட்டு முடித்த கையோடு வயிறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. இது கோதுமை வலி இல்லை. அது கீழே முறுக்கும், இது மேலே விம்முகிறது. மூன்றரை கேக்கின் வலி என்பது என் கருத்து. ஆனால் நோட்டில் வயித்து வலி என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த வலி என்று பிரித்து எழுதாமல் கையெழுத்து வாங்கியது என் தவறு. இதற்குள் அம்மா அறைக்குள் வந்து, “வயிறு எப்படி இருக்கு?” என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டு, சொல்லாதே என்று தலையை ஆட்டினான். நான் கொஞ்சம் அதிக நேரமே யோசித்தேன், சித்தி. பிறகு, “வலிக்குதும்மா” என்றேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கையால் அழுத்திப் பார்த்தார். “மேலயா, கீழயா?” மேலே என்றேன். “எத்தனை கேக் தின்ன?” மூன்றரை என்றேன். அம்மா சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வலிச்சா மறைக்காம சொல்ற பாரு, எனக்கு அது போதும். வியாழக்கிழமை போகலாம்.” போகலாம் என்றால் யார் யார் என்று கேட்டேன். “நீயும் நானும்தான். அந்த அடுப்பை நான் ஒரு தடவை பாக்க வேண்டாமா?” என்றார். ஆகவே, தனியாக வருகிறேன் என்று எழுதிய வரியையும் அடித்துவிடவும். தலையணை இன்னொன்று எடுத்து வைக்கவும். அம்மாவுக்கு உயரமான தலையணை ஆகாது. கடையில் இருக்கும் எல்லாப் பொட்டலங்களையும் பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்துவிடுவது உங்களுக்கு நல்லது. இதற்கு மேல் எழுத முடியவில்லை. அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.