முகப்புப் பக்கத்தில் மாமனார்

எதையும் எடுக்க விடாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பார்த்தால் தெரியாது. சாதுவானவர்கள்; பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பவர்கள்; கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை நின்று பரிமாறுபவர்கள். ஆனால் எங்கோ கிடக்கும் ஒரு பொருளைக் காட்டி, “இதை எடுத்துவிடலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளச் சொன்னதுபோல முகம் சுருங்கும். பிறகு அந்த வாக்கியம் வரும்: “எனக்கொண்ணும் இல்ல. ஆனா அவுக தப்பா நெனச்சிருவாக.”

அந்த ‘அவுக’ யார்? இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவர் தூத்துக்குடியில் இருக்கிறார். பெயர் செந்தூர்பாண்டி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கத்தரிக்காய் முதல் கயிறுவரை கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி அவருடையது. உண்மையில் மாமனார் வெள்ளத்துரை தொடங்கியது. மாமனார் காலமானபோது, கம்பெனியும் இரண்டு வேன்களும், கப்பலுக்குக் கப்பல் ஏறி ஆர்டர் பிடிக்கும் டெரன்ஸும், ஒரு வலைத்தளமும் மருமகன் கைக்கு வந்தன. வேன்களுக்குப் புது டயர் போட்டார். டெரன்ஸுக்குச் சம்பளம் கூட்டினார். வலைத்தளத்திலிருந்து ஒரு புள்ளியைக்கூட எடுக்கவில்லை. சேர்த்தார்.

அந்தத் தளத்தைத் திறந்தால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். முதலில் ஒரு கப்பல் ஊதும். பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்து உட்காரும் அளவுக்கு ஊதும். பிறகு கம்பெனித் திறப்பு விழாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும், அதில் ரிப்பன் வெட்டியவர், ரிப்பனைப் பிடித்தவர், கத்தரிக்கோல் இருந்த தட்டைப் பிடித்தவர் என்று உறவுமுறை ஒன்று விடாமல் நிற்பார்கள். அவர்கள் தலைமேல், என்றோ ஒரு கிறிஸ்துமஸுக்கு யாரோ போட்டுவிட்டு எடுக்க மறந்த பனி, சித்திரை வெயிலிலும் பொழிந்துகொண்டே இருக்கும். இத்தனைக்கும் மேலாக, திரை நடுவில், மாலை போட்ட வெள்ளத்துரையின் பெரிய படம் எழுந்து வரும். கண்ணீர் அஞ்சலி. மருமகனின் சொந்தக் கைங்கரியம் அது. ஆர்டர் கொடுக்கும் பட்டன் எங்கே? மாமனாருக்குப் பின்னால்.

கொஞ்ச நாளாக ஆர்டர் குறைந்து வந்தது. கப்பல்கள் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தன. கரைக்கு வருமுன்பே கடலிலிருந்து இணையத்தில் பார்த்து, வேண்டியதைச் சொல்லிவிடுவது கப்பல் சமையல்காரர்களின் வழக்கம். அவர்கள் வேறு கம்பெனிகளுக்குச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். செந்தூர்பாண்டி ஒரு ஜோசியரைப் பார்த்தார். அலுவலக மேஜையை வடக்குப் பார்த்துத் திருப்பினார். அப்புறம்தான், வேறு வழியில்லாமல், வலைத்தள வேலை தெரிந்த சுஜிதாவைக் கூப்பிட்டார்.

சுஜிதா ஒரு மணிநேரம் உள்ளே நோண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அண்ணாச்சி, பக்கம் திறக்கவே மாட்டேங்குது. இம்புட்டுப் பாரத்தை ஏத்துனா எப்படி நகரும்?”

“எனக்குச் சட்டுன்னு தெறக்கே!”

“நீங்க தெனமும் திறக்கிய. உங்க கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சேமிச்சு வச்சிருக்கு. கப்பல்ல நெட்டு சொட்டுச் சொட்டாத்தான் வரும். அவங்களுக்கு எப்படித் திறக்கும்? மொதல்ல இந்தப் பனியை எடுத்துருவோம்.”

“எனக்கொண்ணும் இல்லம்மா. டெரன்ஸ் வேதக்காரன். கிறிஸ்துமஸ் பனியை எடுத்தா மனசு சங்கடப்படுவான்.”

வாசலில் வேன் சாவியோடு நின்ற டெரன்ஸ், “எனக்கு என்னத்துக்கு அண்ணாச்சி பனி? நான் பனியைப் பாத்ததே இல்ல” என்றார். அது செந்தூர்பாண்டியின் காதில் விழவில்லை. இந்த இனத்துக்கு வேண்டியபோது காது கேட்காது.

“சரி, இந்தத் திறப்பு விழாப் படம்?”

“அதுல எங்க பெரிய சித்தப்பா இருக்காரு. கோவிச்சுக்கிடுவாரு.”

“அவர் இந்தத் தளத்தைப் பாப்பாரா?”

“அவருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு. இனிமே பாத்தாலும் பாப்பாருல்லா?”

“கப்பல் ஊதுறது?”

“அது மங்களமா இருக்கட்டுமேன்னு மாமா ஆசையா வச்சது.”

தளத்துக்குள் ஒரே வேலையைச் செய்ய மூன்று நிரல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஓடின. இதற்கு முன் வேலை பார்த்த ஒவ்வொருவரும் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். “அந்தத் தம்பிக மனசு நோகுமே” என்றார் செந்தூர்பாண்டி. அந்தத் தம்பிகளில் ஒருவர் இப்போது கனடாவில் இருக்கிறார்.

கடைசியாக சுஜிதா தயங்கித் தயங்கி அஞ்சலிப் படத்தைக் காட்டினாள். செந்தூர்பாண்டி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“அதை மட்டும் தொட்டுறாத தாயி. எனக்கொண்ணும் இல்ல. வீட்டுல செல்வராணி இருக்கா. அவ அப்பா படத்தை எடுத்தேன்னு தெரிஞ்சா, சோறு கிடைக்காது எனக்கு.”

சுஜிதா மடிக்கணினியை மூடினாள். “எதையும் எடுக்காம சுத்தம் பண்ண எனக்குத் தெரியாது அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள், பழைய வாடிக்கைக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தது. வழக்கமாக இவர்களிடம்தான் வாங்கும். இந்த முறை ஒரு செய்தியும் இல்லை. விசாரித்துவரப் போன டெரன்ஸ், கையில் ஒரு பெரிய சாக்லேட் டப்பாவோடு திரும்பி வந்தார். முகம் ஒரு தினுசாக இருந்தது.

“என்னலே, ஆர்டர் உண்டா?”

“இல்ல அண்ணாச்சி. காய்கறி, கோழி எல்லாம் வேற ஆள்கிட்ட வாங்கிட்டாங்க.”

“இது என்னது?”

“துக்க வீட்டுக்குக் கொடுத்துவிட்டாங்க.”

“எந்தத் துக்க வீடு?”

டெரன்ஸ் மேஜை விளிம்பைத் தடவினார். “நம்ம வீடுதான். கப்பல் சமையல்காரர் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டாரு. முதலாளி போயிட்டாராமே, கம்பெனியை மூடிட்டாங்களாமேன்னாரு. அவங்க நம்ம தளத்தைத் திறந்தா, மாலை போட்ட படம் மட்டும்தான் வருதாம். மத்ததெல்லாம் வெள்ளையா நிக்குதாம். உங்களுக்கும் மாமாவுக்கும் மீசை வேற ஒண்ணுபோல இருக்கா… எனக்கு வேற வேலை கிடைச்சிருச்சான்னும் கேட்டாரு. நல்ல மனுசன்.”

செந்தூர்பாண்டி தமது மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எத்தனை கப்பல்கள் தமக்காக மௌன அஞ்சலி செலுத்திவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போயின என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். உயிரோடு இருக்கும்போதே தமக்கு வந்த துக்கச் சாக்லேட்டைத் தூக்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குப் போனார். செல்வராணியிடம், பயந்து பயந்து, விஷயத்தைச் சொன்னார்.

செல்வராணி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, கண்ணீரை முந்தானையில் துடைத்தபோது அது வேறு கண்ணீராக மாறியிருந்தது.

“அப்பா படத்தை அங்கன எதுக்குங்க போட்டிய?”

“நீ ஆசைப்படுவன்னுதாம்ளா…”

“நான் எப்பங்க கேட்டேன்? அதைப் பாக்க முடியாமத்தான் உங்க கம்பெனிப் பக்கத்தையே நான் திறக்கிறதில்ல. அவரு காய்ச்சலோட கப்பல் ஏணி ஏறுன ஆளு. அவரு படம் ஆர்டரை மறைச்சுக்கிட்டு நிக்குதுன்னு தெரிஞ்சா, அவரே இறங்கி வந்து கிழிச்சிருப்பாரு.”

இந்த இனத்தின் பெரிய துயரம் இதுதான், வாசகரே. யார் மனம் நோகும் என்று பயந்து ஒன்றைக் காப்பாற்றுகிறார்களோ, அவர்களிடம் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் சரி என்று சொல்லிவிட்டால்? அப்புறம் அதை எடுக்க வேண்டியிருக்குமே!

அன்று சாயங்காலமே சுஜிதா திரும்ப வந்தாள். பனி நின்றது. கப்பல் ஊதுவது ஓய்ந்தது. திறப்பு விழாக் கூட்டம் கலைந்தது. மூன்று நிரல்களில் இரண்டு விடைபெற்றன. வெள்ளத்துரை, மாலையைக் கழற்றிவிட்டு, ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கப்பல் ஏணியில் நின்று சிரிக்கும் சின்னப் படமாக. அதைத் தேடி எடுத்துக் கொடுத்தது செல்வராணி.

டெரன்ஸ் தமது பழைய போனில் தளத்தைத் தட்டினார். பெருவிரல் திரையை விட்டு எழும்புமுன் திறந்துகொண்டது. அந்த வாரமே அதே சமையல்காரர், தாம் வேலை பார்க்கும் கம்பெனியின் இன்னொரு கப்பலுக்கு ஆர்டர் வாங்கிக் கொடுத்தார். கூடவே ஒரு வரி: முதலாளி உயிர் பிழைத்ததில் மகிழ்ச்சி.

செந்தூர்பாண்டி திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நேற்று சுஜிதாவுக்கு போன் போட்டார்.

“யம்மா, பக்கம் ரொம்ப வெறிச்சுன்னு கிடக்கே. ஓரமா ஒரு குத்துவிளக்கு எரியவிடலாமா? எனக்கொண்ணும் இல்ல… பாக்கிறவுக ஏதாவது நெனப்பாக.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே உங்கள் போனை எடுத்து, என்றோ ஒரு புதுமனை புகுவிழாவுக்காக ஆரம்பித்த அந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். விழா முடிந்தது. அந்த வீட்டையே அவர்கள் விற்றுவிட்டார்கள். வெளியேறினால் தப்பாக நினைப்பார்களே என்று நீங்கள் மட்டுமா உள்ளே இருக்கிறீர்கள்? எல்லாரும்தான் இருக்கிறார்கள். இன்று காலை அதில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டார். நீங்களும் ஒரு கேக் அனுப்பினீர்கள்.

யாருக்கு?