பூம்பாறை பஸ்ஸில் ஏறிய நார்வேக்காரி

ஒரு நார்வே ஓட்டக்காரியின் வாழ்க்கையைப் பஸ்ஸில் ஏற்றி முடித்துவைக்கப் பார்த்தவள் நான். மன்னிப்பை அவரிடமே கேட்டாயிற்று. மறுபடி கேட்பதாக இல்லை.

கொடைக்கானல் பஜாரில் என் அத்தாவின் மளிகைக்கடை மாடியில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்தார் ஆஸ்த்ரிட் அக்கா. பத்து வயதில் பனியில் பள்ளிக்கூடத்துக்கு ஓட ஆரம்பித்தவர், இருபத்தைந்தில் தேசிய சாம்பியன். பிறகு முழங்காலில் இரண்டு ஆபரேஷன், ஒரு பிள்ளை. முப்பத்தெட்டில் அணியிலிருந்து கழற்றிவிட்டார்கள். உயரமான ஊரில் ஓடினால் மூச்சு பலப்படும் என்று இங்கே வந்திருந்தார். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வரை பயிற்சியாளர் சொன்ன நேரத்துக்குள் ஓடிக் காட்டினால் மறுபடி அணியில் இடம். கையிலிருக்கும் வாட்ச் எல்லாவற்றையும் நார்வேக்கு அனுப்பிவிடும். அன்றுதான் கடைசி நாள்.

அவருடைய போனோடும் தண்ணீரோடும் பூம்பாறையில் நிற்பது என் வேலை. (இருபத்திரண்டு வயதில் எனக்கு நானே 'மேனேஜர்' பட்டம் கொடுத்திருந்தேன்.) அவர் கிளம்பி அரைமணி கழித்து நான் பஸ் ஏறினேன். பாதி வழியில் அவரைப் பார்த்ததும் பெருமை தாங்காமல் ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா! அக்கா!" என்று அலறினேன்.

எங்கள் மலையில் காட்டுமாடு துரத்தினால் ஒழிய ரோட்டில் யாரும் ஓடமாட்டார்கள். ஓடுகிறவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வது வழக்கம். நான் வேறு அலறினேனா, டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். பூண்டுக் காட்டுக்குப் போகிற இரண்டு பெண்கள் இறங்கி, அக்காவை ஆளுக்கொரு கையாகப் பிடித்து உள்ளே ஏற்றினார்கள். கண்டக்டர் விசில் ஊதினார்.

"மாடு எந்தப் பக்கம்மா நிக்கிது?" என்றார் அவர்களில் ஒருவர் என்னிடம்.

"மாடெல்லாம் இல்லங்க, சும்மா ஓடுறாங்க!"

"சோலி இல்லாம யாராச்சும் இம்புட்டு ஓட்டம் ஓடுவாகளா? பயந்து போயிக் கெடக்காக. வெரசா அந்தத் தண்ணியக் குடு."

கூட்டத்தில் விஷயத்தைப் புரியவைப்பதற்குள் மூன்று கிலோமீட்டர் போய்விட்டது. நார்வேயிலிருந்து பயிற்சியாளர் போன் செய்தார். அக்கா உலக சாதனையின் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவதாக வாட்ச் சொல்கிறதாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. "உட்கார் என்று டாக்டர் சொன்னார், பயிற்சியாளர் சொன்னார், என் கணவரும் சொன்னார். நான் உட்கார்ந்ததே இல்லை" என்று நிதானமான இங்கிலீஷில் சொன்னார். அதே பஸ்ஸில் பூம்பாறை போய் இறங்கி, பயிற்சியாளரிடம் நடந்ததைச் சொல்லி, ஒரு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு, அங்கிருந்து கொடைக்கானலுக்கு ஓட ஆரம்பித்தார். தூரம் அதே தூரம்தானே! நான் ஒரு ஜீப்பில் முன்னால் போய், எதிரே வந்த வண்டிகளையெல்லாம் மறித்து விளக்கம் சொன்னேன்.

நாற்பது நொடி தாமதம். அணியில் எடுக்கவில்லை. போகட்டுமே! அடுத்த வருடம் தனியாளாக ஒரு மாரத்தானில் ஓடி மூன்றாவதாக வந்தார். அவருக்குப் பதிலாக எடுத்த பெண் அவருக்குப் பின்னால்தான் வந்தாள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் குளுகுளுவென்று இருக்கிறது.

எனக்கு இப்போது முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். தினமும் காலையில் ஏரியைச் சுற்றி ஓடிவிட்டு, பஜார் ஏற்றத்திலும் ஓடியே வருவேன். பொம்பளைப் பிள்ளை ரோட்டில் ஓடுவதா என்று ஆரம்பத்தில் குதித்தவர் அத்தா. இப்போது ஏதாவது ஜீப் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தால் போதும், கடையிலிருந்து பாதி ரோட்டுக்கு வந்துவிடுகிறார்.

"ஏலே, எம்மகள ஏத்திராதீகடா! அவ ஓடுறதுக்குன்னே ஓடுறா!"