சிக்னல் அக்காவும் ஆறு வெள்ளை மூடிகளும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எத்தனையோ புகைபோக்கிகள், எத்தனையோ கம்பெனிப் பலகைகள் இருக்கின்றன. ஆனால் அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தே பளிச்சென்று அடையாளம் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் சிக்னல் அக்காவின் உதடு.

நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் எங்கள் கம்பெனி பஸ் டிரைவரைக் கேட்டுக்கொள்ளலாம். மார்கழி மாதப் பனியில் கவரைப்பேட்டை நிறுத்தம் கண்ணுக்குத் தெரியாதபோது, அக்காவின் உதட்டைப் பார்த்துத்தான் பிரேக் போட்டேன் என்று அவர் சத்தியமே செய்வார். பெயர் வைத்ததும் அவர்தான். அக்காவின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை.

எங்கள் கம்பெனியில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டிலுக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிறோம். நான் நாலாம் நம்பர் மெஷினிலிருந்து விழும் மூடிகளைப் பொறுக்கி அடுக்குகிறவள். பத்தாவது வரை படிப்பு. யாராவது என்னை நிமிர்ந்து பார்த்தால் நான் குனிந்துகொள்வேன். அக்காவுக்கு கலர் செக்கிங் வேலை. விளக்கு எரியும் ஒரு பெட்டிக்குள் மாதிரி மூடியையும் புது மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலர் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் பெட்டிக்குள் தலையையே விட்டுப் பார்ப்பார்கள். அக்கா நடந்துபோகிற போக்கில் ஒரு பார்வை பார்த்து, "நீலம் தூக்கலா கீது, திருப்பு" என்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அதே கண்ணைத்தான் உதட்டுக்கும் வைத்திருந்தார். அவரிடம் ஒன்பது லிப்ஸ்டிக் இருந்தன. குப்பியின் அடியில் இங்கிலீஷில் எழுதியிருக்கும் பெயர்களை அவர் மதித்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் தானே பெயர் வைத்தார். டீத்தூள், செங்கல், மாதுளை, பீட்ரூட் பொரியல், நாவப்பழம், பஸ் சிவப்பு என்று போகும். சாதாரண நாளுக்கு டீத்தூள் அல்லது செங்கல். சம்பள நாளில் மாதுளை. யாரிடமாவது சண்டை போட வேண்டியிருந்தால் பஸ் சிவப்பு. காலையில் அவர் பஸ் சிவப்பில் ஏறினால், அன்றைக்கு யார் மாட்டப்போகிறார்கள் என்று வண்டி முழுக்கக் கிசுகிசுப்பு ஓடும்.

ஒருமுறை பொன்னேரி ஃபேன்சி ஸ்டோருக்கு என்னையும் இழுத்துப் போனார். கடைக்காரர் வழக்கம்போல லிப்ஸ்டிக்கைப் புறங்கையில் தீற்றிக் காட்டினார்.

"கைக்கா போட்டுக்கினு போப்போறேன்?" என்று அக்கா கையை உதறினார். "விரல் நுனியில வை. அதுதான் உதட்டுக் கலருக்குக் கிட்ட வரும்."

அதோடு விடவில்லை. குப்பியை எடுத்துக்கொண்டு நேராகத் தெருவுக்கு நடந்தார். கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

"யம்மா, காசு குடுக்காம இன்னாத்துக்கு வெளிய தூக்கினு போறே?"

"உன் கடை டியூப்லைட்டு பொய் சொல்லுது நைனா. வெயில்ல பாத்தாதான் நெசம் தெரியும்."

வெயிலில் பார்த்துவிட்டு, எனக்கென்று டீத்தூளை வாங்கிக் கையில் திணித்தார். "போட்டது யாருக்கும் தெரியாது செல்வி. உனக்கு மட்டும் தெரியும். அது போதும்." நான் அதை வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

கொரோனா சமயத்தில் எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தோம். அதற்கு உள்ளேயும் அக்கா மாதுளை போட்டிருந்தார். "யாருக்குக்கா தெரியப்போவுது?" என்றேன். "ஏன், நான் யாருமில்லையா?" என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்காத வாய் இல்லை. ஃபிட்டர் ஒருவன், "அக்கா, அந்தப் பக்கம் பாத்து நில்லு, சென்ட்ரல் போற டிரெயின் நின்னுடப் போவுது" என்றான். "உன் சட்டைக் கலருக்கு அது தண்டவாளத்தையே விட்டு இறங்கிடும், போ" என்றார் அக்கா. அவன் அந்தச் சட்டையை மறுபடி போடவில்லை.

எனக்கு இதில்தான் ஆத்திரம் ஆத்திரமாக வரும். எங்கள் கம்பெனியில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் மீசைக்குச் சாயம் அடிக்காதவர் யாரும் இல்லை. காது ஓரமெல்லாம் கறுப்பு வழிந்திருக்கும். அவர்களிடம் யாராவது வயதைக் கேட்டார்களா? மூக்குக்குக் கீழே மேல்பாதிக்குச் சாயம் அடித்தால் கௌரவம், கீழ்ப்பாதிக்கு அடித்தால் குற்றமா? இதையெல்லாம் நான் மனசுக்குள்தான் கேட்டேன். வாயைத் திறந்து கேட்கிறவளாக இருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். கருகருவென்று மீசை. பக்திமான். எங்களிடம் வெள்ளிக்கிழமை தோறும் மெஷினுக்குப் பூஜை உண்டு. சுவிட்சுகள் இருக்கும் பேனல் பெட்டிதான் மெஷினின் நெற்றி. அதில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். புது மேனேஜர் ஒருபடி மேலே போனார். "சரக்கு வெளிய வர்ற வாசல்ல வெச்சாதான் உற்பத்தி பெருகும்" என்று சொல்லி, தண்ணீரில் குழைத்த குங்குமத்தை நாலாம் நம்பர் மெஷினில் மூடிகள் சறுக்கி விழும் தகட்டின் விளிம்பில் தன் கையாலேயே அப்பினார். அவர் நகர்ந்ததும் மூடிகள் சூடாக விழ ஆரம்பித்தன. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். பதறி, துணியால் துடைத்தேன். அதற்குள் விழுந்தவற்றில் சிவப்பாக இருந்ததையெல்லாம் பொறுக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஆறு வெள்ளை மூடிகளில் சிவப்புக் கறை.

மேனேஜர் எல்லாரையும் பேக்கிங் பகுதியில் வரிசையாக நிறுத்தினார். ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினார். பிறகு எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துவந்து அக்காவின் வாயில் கண்ணை நிறுத்தினார். விசாரணை அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"இது லிப்ஸ்டிக். நாளையிலேருந்து இங்க எந்த லேடியும் லிப்ஸ்டிக் போடக் கூடாது." அக்காவிடம், "நீங்க, நாங்க கூப்பிடுற வரைக்கும் வீட்டுல இருங்க."

நாங்கள் ஒப்பந்தத் தொழிலாளிகள். "கூப்பிடுகிற வரைக்கும்" என்றால் கூப்பிட மாட்டார்கள் என்று அர்த்தம். அக்கா தனி மனுஷி. அந்த வேலையில்தான் மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்திருந்தார். படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

என் தொண்டையில் உண்மை உட்கார்ந்திருந்தது. சொன்னால், கறைபட்ட மூடியை அனுப்பியவள் நான் என்றாகும். அக்காவுக்குப் பதில் நான் வீட்டில் இருப்பேன். நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா அழவில்லை. பையிலிருந்து ஒன்பது லிப்ஸ்டிக்கையும் எடுத்து மேஜையில் அடுக்கினார். ஒன்பது புது மூடிகளில் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தார். "சார், வெளிய வாங்க. இந்த லைட்டு பொய் சொல்லும்."

எல்லாரும் பின்னாலேயே போனோம். லாரி நிற்கும் இடத்தில், நல்ல வெயிலில், ஒன்பது மூடிகளையும் கறை மூடியையும் வரிசையாக வைத்தார். "பாருங்க. எதுனா ஒண்ணு மாட்ச் ஆவுதா? என் சிவப்பு எல்லாத்துலயும் கொஞ்சம் பழுப்பு ஓடும். இதுல ஆரஞ்சு ஓடுது." தன் கோட்டை விரலால் தேய்த்தார். எண்ணெய்ப் பிசுக்காக இழுத்துக்கொண்டு போனது. கறையைத் தேய்த்தார். பொடியாக உதிர்ந்தது. "இது குங்குமம் சார்."

மேனேஜர் முகம் இறுகியது. "குங்குமம் மூடியில எப்படி வரும்? யாரு வெச்சது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே பார்வையில் நீலம் தூக்கல் என்று சொல்கிறவருக்கு, என் முகத்தின் கலர் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்கதான் சார் வெச்சீங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். "நாலாம் நம்பர் தகட்டுல. வெள்ளிக்கெழம. நான் தொடச்சேன். சரியா தொடைக்கல. தப்பு என்னுதும்தான்."

பத்தொன்பது வருஷ சர்வீஸில் நான் ஒரு மேனேஜரிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவர் கர்சீப்பால் மீசைக்கு மேலே வேர்வையைத் துடைத்தார். கர்சீப் கறுப்பானது. அக்கா அதையும் பார்த்துவிட்டார். "சார், மீசைக்கும் தலைக்கும் ரெண்டு ஷேடு. அதுவும் மாட்ச் ஆவல" என்றார். வெயிலில் நின்ற அத்தனை பேரும் இருமினோம்.

வேலை போகவில்லை, இரண்டு பேருக்கும். ஆனால் அந்த ஆள் மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. மெஷினுக்கு இனி பூ மட்டும் வைக்கவும் என்று பலகையில் எழுதிப் போட்டார். அதற்குப் பக்கத்திலேயே லிப்ஸ்டிக் கூடாது என்று ஒரு தாளையும் ஒட்டினார். குற்றம் இல்லையென்று ஆன பிறகும் தண்டனை மட்டும் சுவரில் தொங்கியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலையில் பஸ்ஸில் ஒரு அதிசயம். பெண்கள் அத்தனை பேரும் உதட்டுச் சாயம் போட்டு வந்திருந்தோம். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த டீத்தூளை நானும் எடுத்துவிட்டேன். கவரைப்பேட்டையில் அக்கா ஏறினார். பஸ் சிவப்பு. எங்களைப் பார்த்ததும் கண் கலங்கிக் கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தோம்.

"அடிப்பாவிங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாடி இது? நீ இன்னாத்துக்கு ரோஸ்? ஜுரத்துல கெடந்த மாதிரி கீறே. ஏய், ஒனக்கு யாரு இந்த வயலெட்டு குடுத்தது? பல்லெல்லாம் மஞ்சளா தெரியுது, தொட!" கம்பெனி வாசல் வரும்வரை கைக்குட்டையோடு சீட்டு சீட்டாகப் போய்த் துடைத்து, தன் பையிலிருந்து வேறு வேறு போட்டுவிட்டார். கடைசியாக என்னிடம் வந்தார். தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினால் மெஷின் நின்றுவிடும் என்று மேனேஜர் கண்டும் காணாமல் இருந்துவிட்டார். அந்தத் தாள் ஒரு மழையில் தானே உரிந்து விழுந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததும் அக்கா திருநின்றவூருக்குக் குடிபோய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவார். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, எதுவும் கேட்க மாட்டார். எடுத்த எடுப்பில், "செல்வி, அந்த டியூப்லைட்ட அணைச்சிட்டு ஜன்னலாண்ட வா" என்பார்.

நானும் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறேன்.