இருபது சிப்பாய்களுக்கு ஒரே சிவப்பு

வண்ணம் தீட்டுவது எளிது. தூரிகையைத் தொட்டு எடுத்தால் யார் வேண்டுமானாலும் தீட்டிவிடலாம். வண்ணம் தீட்டுவதற்கான உந்துதலைத் தேடுவதுதான் மகத்தான காரியம். அதற்குப் பொறுமை வேண்டும், நாற்காலி வேண்டும், சூடாகத் தேநீர் வேண்டும். அப்பேர்ப்பட்ட தேடலில் ஆறு ஆண்டுகளாக ஒரு நாள்கூடச் சோராமல் ஈடுபட்டிருக்கும் பதினோரு பெருமக்கள் ஒரே ஊரில் வாழ்கிறார்கள் என்றால், அது ஆரணி செய்த பாக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு பேரில் அடியேனும் ஒருவன். பெயர் பன்னீர்செல்வம். பட்டுக் கடையில் பில் போடுகிறேன். 'ஆரணி குறும்பொம்மை வண்ணக் கலைஞர்கள் சங்க'த்தின் கௌரவச் செயலாளர்.

குறும்பொம்மை என்பது கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய். மேஜைமேல் படையாக நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவது விளையாட்டு. கடையில் வாங்கும்போது வெறும் சாம்பல் நிறத்தில் இருக்கும். வாங்கியவர்தான் வண்ணம் தீட்ட வேண்டும். ஆசைப்பட்டால் தலையை வெட்டி வேறு தலை ஒட்டலாம், வாளை எடுத்துவிட்டு ஈட்டி கொடுக்கலாம். எங்கள் பதினோரு வீடுகளிலும் எழுநூறு சிப்பாய்களுக்கு மேல் இருக்கிறார்கள். அத்தனை பேரும் சாம்பல் நிறம்.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் விஷயம் புரியாதவர்கள். எங்கள் தலைவர் ஜெயவேல் அண்ணன், பட்டுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருப்பவர், இதற்கென்றே ஓர் 'உந்துதல் துணைக்குழு' அமைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, பட்டறை மாடியில் கூட்டம். ஒருமுறை சென்னையிலிருந்து தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் இரண்டு மணி நேரம் பேசி, கடைசியில், "மொதல்ல ஒரே ஒரு பொம்மைய கையில எடுங்க" என்றார். சபை அதிர்ந்தது. சால்வை போர்த்தி அவரை அனுப்பிவைத்துவிட்டு, ஒரு பொம்மையைக் கையில் எடுப்பதற்கான உந்துதலை ஆராய இன்னொரு துணைக்குழு அமைத்தோம்.

பொருளாளர் சுதாகர் கைப்பேசி கடைக்காரர். பதினாலு அளவுகளில் தூரிகை வைத்திருக்கிறார். ஒன்றிலும் ஈரம் பட்டதில்லை.

"தூரிகை இருந்தா பத்துமாங்க? மூடு வரணுமே" என்பார்.

"ஜல்தி பண்ணக் கூடாது சுதாகரு. அதும்பாட்டுக்கு வரும்" என்பார் தலைவர்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த சங்கத்தில் கனகவதி சேர்ந்ததுதான் வினை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். சொந்த ஊர் பக்கத்திலுள்ள திருமலை கிராமம். பன்னிரண்டாவது உறுப்பினர். முதல் கூட்டத்திலேயே கையைத் தூக்கினார்.

"சார், சிவப்பு மேல வெள்ளை போட்டா ரோஸா தெரியுது. நீங்கள்லாம் எப்படிச் சமாளிக்கறீங்க?"

பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அநாகரிகமான கேள்வி. சுதாகர் எழுந்து போண்டா தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. கனகவதி மத்தியானச் சாப்பாட்டு வேளையில், மாத்திரை அட்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, உந்துதலுக்காகக் காத்திராமல் நேரடியாகத் தீட்டிக்கொண்டிருக்கிறார். எட்டு மாதத்தில் இருபது சிப்பாய். வெளிநாட்டுத் தொப்பிகளைச் சீவி எடுத்துவிட்டு, குழாய் ஒழுகலை அடைக்கும் எம்சீலை உருட்டித் தலைப்பாகை கட்டி, இருபது பேரையும் ஆரணிக் கோட்டைக் காவல் படையாக மாற்றியிருந்தார். துணைக்குழு இல்லை, தீர்மானம் இல்லை. இப்படியும் ஒரு மனுஷி.

வேலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி அறிவித்தார்கள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பெங்களூரில் பொம்மைக் கம்பெனி ஒன்றில் வண்ணம் தீட்டும் வேலை. தனியாளாகச் சேர முடியாது. சங்கத்தின் கடிதம் வேண்டும். வியாழக்கிழமை மாலை, பஞ்சு வைத்த மருந்துப் பெட்டியில் சிப்பாய்களைப் படுக்கவைத்து எடுத்துக்கொண்டு கனகவதி பட்டறைக்கு வந்தார்.

"இந்த வேலை கெடைச்சா மருந்துக் கடைய விட்டுடுவேன் அண்ணா. எனக்கு இது ஒண்ணுதான் உருப்படியா வருது" என்றார்.

தலைவர் ஒவ்வொரு சிப்பாயாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கடைசி வரிசையில் ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. தலைவரின் முகம் சுருங்கியது.

"இன்னாம்மா இது? இவன் சிவப்பு ஒரு மாதிரி கீது, அவன் சிவப்பு வேற மாதிரி கீது?"

"வேணும்னுதான் அண்ணா. முன்னாடி நிக்கறவங்க வருசக்கணக்கா வெயில்ல நின்னுகினு இருக்காங்க, சட்டை வெளுத்துப் போயிருக்கும். கடைசில நிக்கறவன் நேத்துதான் வேலைக்குச் சேந்தான். அவனுது புதுச்சட்டை."

"அத்தெ போட்டிக்காரன் கிட்ட யாரு சொல்லிகினு இருப்பா? ஷேடு மாறிப் போச்சின்னுதான் சொல்லுவான். இருபது பொடவைக்கி சிவப்பு கேட்டா இருபதும் ஒரே சிவப்பா வரணும். நாளைக்கி சங்கத்து பேரு இன்னாவறது? வச்சிட்டுப் போ. 'பரிசீலனை' பண்ணி சனிக்கிழமை சாயந்தரம் லெட்டரோட தர்றோம்."

கனகவதி தயங்கினார். கடிதம் வேண்டுமே. வைத்துவிட்டுப் போனார்.

தலைவரின் தொழில்நுட்பம் உலகம் அறிந்தது. பட்டு நூலில் சாயம் ஒரே சீராக ஏறவில்லை என்றால், கொதிக்கும் கொப்பரையில் அந்த நூலை மறுபடி முக்கி எடுப்பார். எல்லாம் ஒரே நிறமாகிவிடும். முப்பது வருஷ அனுபவம். சனிக்கிழமை காலை கொப்பரையில் அரக்குச் சிவப்பு தளதளவென்று கொதித்தது. பதினோரு பேரும் வந்துவிட்டோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சுதாகர் பட்டு நூலால் சிப்பாய்களின் இடுப்பில் முடிச்சுப் போட்டார். நான் அவர்களை வரிசையாகக் கோலில் கட்டினேன். தலைவர் கோலைப் பிடித்து, பட்டு நூலை இறக்குவதுபோல் பயபக்தியுடன் இருபது பேரையும் கொப்பரைக்குள் இறக்கினார்.

தூக்கியபோது ஈட்டிகள் வெந்த கீரைத்தண்டாய்த் தொங்கின. கால்கள் பின்னிக்கொண்டன. சாயம் பிளாஸ்டிக்கில் ஏறவில்லை. எட்டு மாத வண்ணம் மட்டும் செதில் செதிலாய்க் கழன்று கொப்பரையில் மிதந்தது. எம்சீல் தலைப்பாகைகள் விறைப்பாக நின்றன. கட்டியிருந்த நூலில் சிவப்பு அருமையாக ஏறியிருந்தது, துளிகூட ஷேடு மாறவில்லை.

"பதம் தப்பிப் போச்சி" என்றார் தலைவர், விஞ்ஞானியின் நிதானத்தோடு.

சாயங்காலம் கனகவதி வந்தார். பெட்டியைத் திறந்தார். ஒருவனை எடுத்து, பின்னிக்கிடந்த கால்களைப் பிரிக்கப் பார்த்தார்.

"விடும்மா, பேஜார் பண்ணாத. உன் நல்லதுக்குத்தான் செஞ்சோம். உனக்குத்தான் உந்துதல் எக்கச்சக்கமா கீதே, மறுபடியும் தீட்டு" என்றார் தலைவர்.

"நாளைக்குப் போட்டிண்ணா." பிறகு எங்கள் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "சுடுதண்ணில பிளாஸ்டிக் எளகிடும்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?"

நான் சங்கக் கடிதத்தை நீட்டினேன். தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, பிழையில்லாமல் தயாராக இருந்தது. அதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுத்த வாரம் ஒரு மத்தியான வேளையில் மருந்துக் கடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, மேஜைமேல் தலை கவிழ்த்துப் படுத்திருந்தார்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமையே சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டிருந்தோம். கனகவதியின் கேள்விக்குப் பதிலாக, 'தெரியாது' என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதி, பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம். கலையுலகின் பேரிழப்புக்கு ஒரு நிமிட மௌனமும் உண்டு.

ஆனால் குறிப்பில் எழுதாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பொம்மை டப்பாவின் பின்புறமும் 'வெந்நீர் படக் கூடாது, உருக்குலைந்துவிடும்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வண்ணம் தீட்டாமல் அந்த டப்பாக்களை ஆறு வருஷமாக நாங்கள் என்னதான் செய்தோம் என்று நினைக்கிறீர்கள்? படித்துக்கொண்டிருந்தோம். பதினோரு பேரும் மனப்பாடமாகவே சொல்வோம். கொப்பரை கொதித்தபோது ஒருவரும் சொல்லவில்லை. அடுப்புக்கு விறகு தள்ளினோம், நூல் கட்டினோம், கோல் பிடித்தோம். அவ்வளவு சுறுசுறுப்பை எங்கள் கைகளில் அதற்கு முன்பு நாங்களே பார்த்ததில்லை.

ஆறு ஆண்டுகளாகத் தேடிய உந்துதல் எங்களுக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.